எழுபதுகளின் பாப் தலைகள்: வளர்ந்த முடியா, வெட்டிய முடியா?

மார்ச் 1, வாசகர் ஒருவரின் கேள்வி

"எழுபதுகளில் மேடை ஏறிய இங்கிலாந்து, அமெரிக்க பாப் பாடகர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தர் தலைகூட ஒழுங்காக இல்லை. முடியை வெட்டாமல் விட்டார்கள், அதையே ஸ்டைல் என்றார்கள், ரசிகர்களும் வெட்டாமல் விட்டார்கள். இதில் கலை என்று சொல்ல என்ன இருக்கிறது? யாராவது விளக்குங்கள்."

மார்ச் 1, இரவு 10.40

வெட்டாமல் விட்டால் வருவது பரட்டை. நீங்கள் பார்த்த தலைகளில் பாதிக்கு மேல் கத்தரி பிடிக்கத் தெரிந்த ஒருவர் நின்று செய்த வேலை.

டேவிட் போவியை எடுங்கள். 1971இல் தோளில் புரளும் நீளமுடி. அதை வளர்ந்த முடி என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். 1972இல் ஜிகி ஸ்டார்டஸ்ட் என்ற வேடத்துக்கு மாறினார். அந்தத் தலையைப் பாருங்கள். முன்னால் குட்டையாக, குத்திட்டு நிற்கிறது. காதைச் சுற்றி ஒட்ட வெட்டியிருக்கிறது. பின்கழுத்தில் மட்டும் நீண்டு இறங்குகிறது. ஒரே தலையில் மூன்று நீளம், நடுவில் எங்கேயும் படி தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று கரைகிறது. கத்தரி படாமல் எந்தத் தலையிலும் இப்படி வளராது.

1972 ஜூலை 6 அன்று பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நேரடி ஒளிபரப்பில் அந்தச் சிவப்பு முடியோடு வந்தார். பல நிறத்தில் மெத்தை போலத் தைத்த உடை, நீல கிதார். கிதார்காரர் மிக் ரான்சனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பாடினார். நான் அதைப் பார்த்தது பல வருஷம் கழித்து வீடியோவில். ஆனால் படம் அதற்கு முன்பே எங்கள் கடைக்கு வந்துவிட்டது. ஜிகி இசைத்தட்டின் அட்டையை எடுத்துப் பாருங்கள், அந்தச் சிவப்பு முடி அதிலேயே இருக்கிறது.

கடை என்றது அப்பாவின் முடிதிருத்தும் கடை. சிங்கப்பூர், சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்து. இரண்டு நாற்காலி. பள்ளி விட்டு வந்து தரையில் விழுந்த முடியைக் கூட்டி அள்ளுவது என் வேலை. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

மார்ச் 2, காலை 6.15

நேற்று எழுதியதில் இரண்டு தவறு. தூக்கம் வராமல் எழுந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன்.

அட்டையில் முடி சிவப்பு இல்லை, வெளிர் மஞ்சள். அந்தப் படம் 1972 ஜனவரியில் லண்டன் ஹெடன் தெருவில், மழை ராத்திரியில், பிரையன் வார்ட் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. நிறம் பிறகு கையால் ஏற்றியது. சிவப்புச் சாயம் தலைக்கு ஏறியதே அந்தப் படத்துக்குப் பிறகுதான். ஐம்பது வருஷமாக அட்டையில் சிவப்பு முடியைப் பார்த்ததாகவே மனம் வைத்திருந்திருக்கிறது.

இரண்டாவது, ஜூலை 6 நிகழ்ச்சி நேரடி ஒளிபரப்பு இல்லை. முந்தைய நாள் பதிவுசெய்ததை மறுநாள் காட்டினார்கள்.

மார்ச் 2, பிற்பகல் 1.20

"சரி, வெட்டினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். யார் வெட்டியது? போவியே யோசித்ததுதானே?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

வெட்டியவர் பெயர் சூசி ஃபஸி. லண்டனின் தென்கிழக்கே பெக்கன்ஹாம் என்ற ஊரில் பெண்கள் சலூன் ஒன்றில் வேலை செய்த இளம்பெண். போவியின் அம்மா அந்தக் கடையில் தலைமுடி செட் செய்துகொள்ள வருவார். அப்படித்தான் அறிமுகம். பிறகு போவியின் மனைவி ஆஞ்சி வந்து முடி வெட்டிக்கொண்டார், வேலை பிடித்துப்போய் வீட்டுக்குக் கூப்பிட்டார். போவி பத்திரிகைப் படத்தைக் காட்டி இந்த மாதிரி முடியுமா என்று கேட்டார். ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் கன்சாய் யமாமோட்டோவின் உடைகளோடு வந்த படம் அது, தலையில் சிவப்பு முடி. கபுகி நாடகத்துச் சிங்கவேடத்தின் சிவப்புச் சடையிலிருந்து வந்த யோசனை.

ஆசை போவியுடையது. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் படத்தைக் காட்டி "இப்படி வேணும்" என்று சொல்வதற்கும், அதை ஒரு உயிருள்ள தலையில் கொண்டுவருவதற்கும் நடுவில் உள்ள தூரம் வெட்டுகிறவருக்குத்தான் தெரியும். எங்கள் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் சினிமாப் பத்திரிகைக் கிழிசலோடு வந்தவர்கள். படத்தில் உள்ள நடிகரின் முடி வேறு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முடி வேறு. அப்பா படத்தை ஒருமுறை பார்ப்பார், பிறகு அந்த ஆளின் உச்சிச்சுழியை விரலால் தடவிப் பார்ப்பார். "சுழி சொல்றதத்தான் முடி கேக்கும்" என்பார்.

சூசி பிறகு சலூன் வேலையை விட்டுவிட்டு இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போனார். மேடையில் முடி, உடை எல்லாம் அவர் பொறுப்பு. மிக் ரான்சனையே கல்யாணம் செய்துகொண்டார். எழுபதுகளில் இங்கிலாந்து முழுக்கப் பையன்களும் பெண்களும் அந்த வெட்டைக் கேட்டு சலூன் வாசலில் நின்றார்கள். எல்லாரும் சொன்னது போவி கட். சூசி கட் என்று யார் சொன்னார்கள்? எனக்கு உறுத்துவது இதுதான்.

மார்ச் 4, இரவு 9.05

மலேசியாவிலிருந்து ஒருவர், "சிங்கப்பூரில் அப்போது நீளமுடிக்குத் தடை இருந்ததே, உங்கள் அப்பா எப்படி?" என்று கேட்டிருக்கிறார். இருந்தது. சொல்ல நிறைய உண்டு.

எழுபதுகளின் தொடக்கத்தில் அரசு அலுவலகங்களில் ஒரு சுவரொட்டி தொங்கும். நீளமுடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று. நீளமுடி என்றால் எது என்பதற்குப் படமும் போட்டிருந்தார்கள். முன்னால் நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொடும் முடி. பக்கத்தில் காதை மறைக்கும் முடி. பின்னால் சாதாரணச் சட்டைக் காலருக்குக் கீழே இறங்கும் முடி. மூன்றில் ஒன்று இருந்தாலும் நீளமுடிதான். ஹிப்பிப் பழக்கமும் போதைப்பொருளும் ஊருக்குள் வந்துவிடும் என்ற பயம். 1972 பிப்ரவரியில் லெட் செப்பலின் குழுவினர் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் இங்கே பாட இருந்தார்கள். முடியைக் காரணம் காட்டி உள்ளே விடவில்லை, நிகழ்ச்சி ரத்து.

என் அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது. காதை மூடிய முடி. ஏதோ படிவம் கொடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனவனைக் காலை ஒன்பதரையிலிருந்து உட்காரவைத்தார்கள். அவனுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் முடித்துப் போனார்கள். மூன்று மணிக்குக் கடைக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். அப்பாவும் ஒன்றும் கேட்கவில்லை, துண்டைப் போர்த்தினார். அன்றைக்கு அவன் முடியை நான்தான் கூட்டி அள்ளினேன். வழக்கமாகக் குப்பைக்கூடையில் போடுவதை அன்றைக்குப் போட மனம் வரவில்லை. ஒரு பழைய தினசரியில் சுருட்டிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தேன். அம்மா மறுநாள் பார்த்துத் தூக்கி எறிந்துவிட்டார்.

இன்னொன்றும் அந்தக் காலம்தான், 1973 என்று நினைவு. கப்பல் பட்டறையில் வேலை செய்த இளைஞர் ஒருவர் போவி படத்தோடு வந்தார். "அண்ணே, இதே மாதிரி. ஆனா காலருக்கு மேல நிக்கணும், இல்லன்னா வேலை போயிடும்." அப்பா ஒன்றரை மணி நேரம் வெட்டினார். பின்பக்கத்தைக் காலரின் மேல் ஓரத்தில் நிறுத்தினார். வடிவம் வந்துவிட்டது. ஆனால் முன்முடி நிற்கவில்லை. கோல் மாதிரி நேர்முடி அவருக்கு. நிமிர்த்தினால் நிமிரும், கையை எடுத்ததும் சரியும். பிரில்கிரீம் போட்டால் எண்ணெய்க் கனத்தில் இன்னும் படிந்தது. கடைசியில் அப்பா என்னை வீட்டுக்கு அனுப்பி, அம்மா வேட்டிக்குப் போட வைத்திருந்த கஞ்சித் தண்ணீரை வாங்கிவரச் சொன்னார். நின்றது! அந்த இளைஞர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்த சிரிப்பு இப்போதும் கண்ணில் இருக்கிறது. முச்சந்தி தாண்டுவதற்குள் வியர்வையில் கஞ்சி கரைந்து நெற்றியில் வழிந்ததாக மறுவாரம் வந்து சொன்னார். அப்பா பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், அவர் வாங்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்று அப்பா ரொம்ப நாள் யோசித்தார்.

மார்ச் 5, காலை 7.30

அந்த மூன்று அளவையும் வைத்து இசைக்காரர்களை அளந்து பார்க்கலாமா? நேற்று பஸ்ஸில் போகும்போது தோன்றியது.

போவி (1972): நெற்றி சரி, காது சரி, காலரில் தோல்வி. பாடகர் ராட் ஸ்டூவர்ட்டும் அதே கணக்கு, உச்சியில் முள், பின்னால் நீளம்.

ஸ்லேட் குழுவின் டேவ் ஹில்: நெற்றி முடியைப் புருவத்துக்கு ரொம்ப மேலே வளைவாக வெட்டியிருப்பார், முதல் அளவில் முழு மதிப்பெண். காதும் காலரும் போச்சு.

அதே குழுவின் நாடி ஹோல்டர்: கன்னம் முழுக்க அடர்ந்த கிருதா, சுருள்முடி, காது எங்கே என்று தேட வேண்டும். ஆனால் இதே ஸ்லேட் 1969-70இல் மொட்டைக்குக் கிட்டத்தட்ட ஒட்ட வெட்டி ஸ்கின்ஹெட் வேடத்தில் நின்றவர்கள், மேலாளர் சாஸ் சாண்ட்லரின் யோசனைப்படி. அப்போதே வந்திருந்தால் சிங்கப்பூரில் மூன்றிலும் தேறியிருப்பார்கள்.

ராக்ஸி மியூசிக்கின் பிரையன் ஈனோ: உச்சியில் முடி குறைவு, அதனால் நெற்றி தேறிவிடும். பக்கவாட்டில் நீண்ட வெளிர்முடி, தேறாது.

அதே குழுவின் பிரையன் ஃபெரி: எழுபதுகளின் நடுவில் வெள்ளை டின்னர் ஜாக்கெட், ஒழுங்காக வாரிய குட்டை முடி. மூன்றிலும் தேர்ச்சி. அப்பாவுக்கு இந்த ஒருத்தரைத்தான் பிடிக்கும்.

மார்ச் 5, காலை 7.50

ராக்ஸி மியூசிக் பற்றி ஒரு நல்ல விஷயம் விட்டுப்போச்சு. 1972இல் வந்த முதல் இசைத்தட்டின் அட்டையிலேயே உடையும் ஒப்பனையும் முடியும் செய்த ஆன்டனி பிரைஸின் பெயரைப் போட்டார்கள். ஈனோ மேடையில் போட்ட இறகுத் தோள் உடையைச் செய்தவர் கேரல் மக்நிகல், பின்னாளில் பெயர்பெற்ற பீங்கான் கலைஞர்.

மார்ச் 8, இரவு 11.30

இரண்டு நாளாக யாரும் கேட்காத கேள்வி ஒன்று எனக்குள் ஓடுகிறது. இவ்வளவு நேரம் பேசியது பெரும்பாலும் நேர்முடிக்காரர்களைப் பற்றி. எனக்குச் சுருட்டை முடி.

வாரம் இரண்டு முறை அம்மா தேங்காய் எண்ணெயைக் கை நிறைய ஊற்றித் தேய்த்து, சீப்பால் இழுத்து இழுத்துப் படியவைப்பார். கண்ணில் தண்ணீர் வரும். பாட்டி மட்டும் "சுருட்டை முடி சோறு போடும்டா, விடு அவன" என்பார். பள்ளியில் பரட்டை என்று கூப்பிட்டார்கள், கொஞ்சம் வளர்ந்தால் சாய்பாபா. படங்களில் வருகிற எல்லா நல்ல தலையும் வழவழவென்று சரிகிற தலை. போவி கட் எனக்கு எந்த ஜென்மத்திலும் வராது.

அப்போதுதான் அமெரிக்கக் கறுப்பினப் பாட்டுக்குழு ஜாக்சன் ஃபைவின் படம் ஒன்று கடைக்கு வந்த பத்திரிகையில். அண்ணன் தம்பி ஐந்து பேர். எல்லாருக்கும் சுருட்டை. யாரும் படியவைக்கவில்லை. வட்டமாக, முகத்தைச் சுற்றி நிலா கட்டினது மாதிரி நின்றது. கடைசித் தம்பி மைக்கேல், 1969 டிசம்பரில் அமெரிக்க டிவியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் வந்தபோது வயது பதினொன்று. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை மட்டும் எனக்குத் தருவீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன். கத்தரியாலேயே வெட்டிக் கொடுத்தார், நேர்கோட்டில்.

அவர்களுக்கு அது என்ன அர்த்தம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்கு முந்தைய தலைமுறைக் கறுப்பினப் பாடகர்கள் பலர் காரம் கலந்த களிம்பைத் தலையில் பூசி முடியை நேராக்கிக்கொண்டவர்கள். காங்க் என்பார்கள். எரியும், நேரம் தவறினால் தோல் வெந்துவிடும். 1968இல் ஜேம்ஸ் பிரவுன் கறுப்பு என்பதில் பெருமை என்று பாடியபோது நேராக்கிய முடியை விட்டுவிட்டு இயல்பான சுருளோடு வந்தார். டெம்ப்டேஷன்ஸ் குழுவும் எழுபதுகளுக்குள் ஆஃப்ரோ என்ற அந்த வட்டச் சுருள்முடிக்கு மாறிவிட்டது. முடியை அப்படியே விட்டுவிடுவதே அவர்களுக்கு ஒரு பெரிய அறிவிப்பாக இருந்தது. ஆக, கேள்வி கேட்டவர் சொன்ன "வெட்டாமல் விட்டார்கள்" என்பது இங்கே மட்டும் உண்மை. ஆனால் அந்த விடுதலுக்குப் பின்னால் நூறு வருஷ வலி இருக்கிறது.

மார்ச் 9, காலை 8.10

நேற்று இரவு எழுதியதன் கடைசி வரிகளைத் திருத்துகிறேன். "அப்படியே விட்டுவிடுவது" என்றது தப்பு. காலையில் மகள் படித்துவிட்டு, "அப்பா, ஆஃப்ரோன்னா ஒண்ணும் செய்யாம வருதுன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டாள். அவளுக்கும் என் முடிதான், கல்லூரிக் காலத்தில் அப்படி வைத்திருந்தாள்.

நீளப் பல் வைத்த முள்சீப்பை அடியில் விட்டு மேலே தூக்கித் தூக்கி எடுக்க வேண்டும், தினமும். ராத்திரி தலையணையில் படுத்தால் ஒரு பக்கம் நசுங்கும், காலையில் மறுபடி முதலிலிருந்து. வட்டம் வட்டமாக இருக்க நுனிகளைக் கத்தரியால் சுற்றிலும் சீராக வெட்ட வேண்டும். செடியைப் பந்து வடிவத்தில் கத்தரிக்கும் தோட்டக்காரர் வேலை அது. முடி உலர்ந்தால் ஒடியும் என்பதால் பசையும் தேவை. சிகாகோவில் ஜான்சன் ப்ராடக்ட்ஸ் என்ற கறுப்பினத்தவர் நிறுவனம் 'ஆஃப்ரோ ஷீன்' என்று இதற்காகவே விற்றது. 1971இல் அமெரிக்கா முழுக்கப் போன 'சோல் ட்ரெயின்' ஆட்ட நிகழ்ச்சிக்கு அவர்கள்தான் விளம்பரதாரர்.

எனவே அங்கேயும் கை வேலைதான். என் முதல் வாதத்தை நானே மறந்து எழுதிவிட்டேன்.

மார்ச் 12, மாலை 6.45

உடை பற்றிக் கேட்டவர்களுக்கு. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டாம், இதில் எனக்கு முடி அளவு ஆர்வம் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏன் எல்லாம் மின்னியது? கலர் டிவி. பிபிசி 1இல் கலர் வந்தது 1969 நவம்பர் 15. 1971 மார்ச்சில் டி. ரெக்ஸ் குழுவின் பாடகர் மார்க் போலன் சாட்டின் உடையும் கண்ணுக்கடியில் மினுக்குத் தூளுமாக டிவியில் வந்தார். அந்தத் தூளை வைக்கச் சொன்னவர் செலிட்டா செகுண்டா என்ற பெண். மறுவாரம் அரங்கில் ரசிகர்கள் முகமெல்லாம் மினுக்கு. போலனும் என் கட்சி, சுருள்சுருளாகத் தொங்கும் முடி. நாடி ஹோல்டரின் தொப்பியில் வட்டக் கண்ணாடிகள் ஒட்டியிருக்கும். அரங்க விளக்கையெல்லாம் அணைத்து, அந்தத் தொப்பியில் மட்டும் ஒரு விளக்கை அடித்தால் கொட்டகை முழுக்க ஒளிப்பொட்டு சுழலும். ஒரே தொப்பியில் மொத்த அலங்காரம். சிங்கப்பூரில் எங்களுக்குக் கலர் வந்தது 1974இல், உலகக்கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தோடு. அதுவரை இந்த மினுக்கு எல்லாம் எங்களுக்குச் சாம்பல் நிறம்.

ஸ்வீடன் குழு அபா. 1974 ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டனில் யூரோவிஷன் பாட்டுப் போட்டி. நெப்போலியன் தோற்ற போரைப் பற்றிய பாட்டு என்பதால் வாத்தியக் குழுவை நடத்தியவர் நெப்போலியன் வேடத்திலேயே வந்தார். குழுவின் கிதார்காரர் பியோர்ன் கையில் நட்சத்திர வடிவ கிதார். உடைகள் இங்கெர் ஸ்வென்னெகெ தைத்தவை. பிற்பாடு வந்த பூனைப்படம் போட்ட குட்டை உடைகள் ஓவே சாண்ட்ஸ்ட்ரோமும் லார்ஸ் விகேனியஸும் செய்தவை. இவ்வளவு வினோதமாக ஏன் என்பதற்கு பியோர்னே பின்னாளில் ஒரு காரணம் சொன்னார். தெருவில் போட்டுக்கொண்டு போக முடியாத உடையாக இருந்தால்தான் ஸ்வீடனில் அந்தச் செலவை வருமானவரியில் கழிக்க முடியும்.

கன்சாய் யமாமோட்டோ 1973இல் போவிக்குச் செய்தவைதான் எனக்கு இதில் உச்சம். கறுப்பு வினைல், கால் இரண்டும் பக்கவாட்டில் வில்லாக வளைந்து, மேலே வெள்ளைக் கோடுகள். இன்னொன்று கபுகி மேடையில் செய்வது. உடம்பை மூடிய வெள்ளை அங்கி, மேலே பெரிய ஜப்பானிய எழுத்து. இரண்டு பக்கமும் ஆள் நின்று ஒரே இழுப்பு. அங்கி போய்விடும், உள்ளே வேறு உடை. அதற்கான பொத்தான்களை எந்த அளவு இறுக்கமாக வைக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தளர்ந்தால் பாட்டு நடுவில் கழன்று விழும், இறுகினால் இழுக்கும்போது ஆளோடு வரும்.

எங்கள் சந்து முனைத் தையல்காரர் இந்தக் காலத்தில் பெல்பாட்டம் தைத்தே பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார். அவருக்கு இதையெல்லாம் காட்ட முடிந்திருந்தால் தையலைப் பிரித்துப் பார்த்திருப்பார்.

மார்ச் 12, இரவு 8.00

குவீன் குழு பற்றிக் கேட்டவருக்கு: அதன் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் சிறகு போல விரியும் வெள்ளை மடிப்பு மேலாடை ஸான்ட்ரா ரோட்ஸ் செய்தது, 1974. ஃப்ரெடி பம்பாய்க்குப் பக்கம் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர் என்பதும் உண்மைதான். அந்தக் குட்டை முடியும் மீசையும் 1980இல் வந்தவை. எழுபதுகளில் தோள்வரை முடி, கறுப்பு நகப்பூச்சு.

மார்ச் 15, காலை 9.20

எல்டன் ஜானை ஒருவர் கேலி செய்திருக்கிறார், முடி இல்லாததை மறைக்கத்தான் அந்தத் தொப்பியும் கண்ணாடியும் என்று. இந்தக் கேலி எனக்குப் பிடிக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் முடிக்குச் சாயம் மேல் சாயம் போட்டதே உதிரக் காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். இருபதுகளில் இருந்த ஆள், லட்சம் பேர் பார்க்கிற மேடையில், உச்சி தெரியத் தொடங்குவது எப்படியிருக்கும்? 1975 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் அரங்கில் இரண்டு நாள் பாடினார். பாப் மாக்கி செய்த, முழுக்கச் சீக்வின் பதித்த பேஸ்பால் சீருடை. அந்தப் படத்தைப் பார்ப்பவர் யாரும் முடியைப் பார்ப்பதில்லை. அந்த உடையைச் செய்தவரின் வெற்றி அது.

வழுக்கை விழத் தொடங்கியவர்கள் கடைக்கு வந்தால் அப்பா பின்கண்ணாடியைக் காட்ட மாட்டார். மற்றவர்களுக்கெல்லாம் வெட்டி முடித்ததும் சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டுவார். இவர்களுக்குத் துண்டை உதறி, பவுடர் போட்டு, "நல்லா இருக்கு, வாங்க" என்பார். அவர் அதை யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. கூட்டிக்கொண்டே பார்த்தது.

மார்ச் 18, இரவு 12.15

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். மார்ச் 4இல் எழுதிய கஞ்சித் தண்ணீர்.

சூசி ஃபஸியும் முதலில் வெட்டியபோது போவியின் முடி நிற்கவில்லை! வெட்டி முடித்துப் பார்த்தால் தொய்ந்து விழுந்தது. அப்பாவுக்கு நடந்ததேதான். அப்போது சூசிக்குத் தெரிந்த ஒன்று எங்கள் கடையில் இல்லை. பெண்கள் சலூனில் வேலை செய்தவர் அல்லவா, சாயம் முடியை என்ன செய்யும் என்று கையில் தெரியும். ஷ்வார்ஸ்காஃப் கம்பெனியின் 'ரெட் ஹாட் ரெட்' சாயத்தை, முடியை வெளுக்கும் பெராக்சைடில், முப்பது வால்யூம் வீரியத்தில், கலந்து போட்டார். முடியின் மேல்தோல் ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி, செதில் மேல் செதில். சாயக் கலவை அந்தச் செதில்களைத் தூக்கிவிடும், முடி ஊறிப் பருக்கும். பிறகு பழைய வழவழப்பு வராது, சொரசொரப்பாகிவிடும். சொரசொரப்பான முடி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதுதான் நிற்கிறது. மேலே பிடிமானத்துக்கு கார்ட் என்ற பொடுகு மருந்து, வயதான பெண்மணிகளின் தலையை செட் செய்யக் கடையில் வைத்திருந்தது.

நிறத்துக்காகத்தான் சாயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்தப் பதிவுகளின் தொடக்கத்தில் நானும் நிறத்தை மட்டும்தான் எழுதினேன். நிறம் பாதி, நிற்பது பாதி.

நாலைந்து வருஷத்தில் லண்டனில் பங்க் பையன்கள் சர்க்கரைத் தண்ணீரும் சோப்பும் பூசி முடியை முள்ளாக நிறுத்தினார்கள். அப்பாவின் கஞ்சிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. குளிர் ஊரில் அது தங்கியது, இங்கே வியர்வையில் ஓடிவிட்டது.

மார்ச் 19, காலை 6.40

சின்ன இணைப்பு. 1976இல் போவி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெள்ளைச் சட்டை, கறுப்பு வெயிஸ்ட்கோட், பின்னால் வாரிய முடி என்று மேடைக்கு வந்தார். அந்தப் படம் வந்தபோது அப்பா வாங்கிப் பார்த்து, பக்கத்து நாற்காலிக்காரரிடம் காட்டி, "இப்பதான்யா மனுசன் தலை" என்றார். எனக்குக் கோபம். எனக்கு அந்தச் சிவப்புத் தலை போனது துக்கம். இப்போது படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், 1976 தலையும் அதே அளவு நுணுக்கமான வெட்டு என்று தெரிகிறது. பக்கம் ஒட்ட, மேலே நீளம், வாரினால் மட்டும் பின்னால் போகும், ஆடும்போது நெற்றியில் ஒரு கற்றை விழும். அந்தக் கற்றை விழ வேண்டும் என்றே வெட்டியது.

மார்ச் 22, மாலை 7.10

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது எண்பத்தெட்டு. காது சரியாகக் கேட்காது, பக்கத்தில் உட்கார்ந்து கத்திச் சொல்ல வேண்டும்.

"அப்பா, கப்பல் பட்டறைப் பையன் ஞாபகம் இருக்கா? கஞ்சித் தண்ணி?"

உடனே வலது கை தானாக எழுந்தது, இல்லாத ஒரு முன்முடியைப் பிடித்து நிமிர்த்தியது. "நிக்கல" என்றார்.

போவியின் தலையிலும் முதலில் நிற்கவில்லை என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். வெட்டியது ஒரு பெண், சாயம் போட்டுத்தான் நிறுத்தினாள் என்று சொன்னேன். பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். "சூசி" என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"பெராக்சைடு எவ்வளவு?"

"முப்பது வால்யூம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முப்பதா? கண்ணு எரிஞ்சிருக்குமே அந்தப் பையனுக்கு" என்றார்.